கலவன் நீக்கம்

வெள்ளிமலைப் பக்கம் அவரைக்குத் தேமல் நோய் வந்தது. வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். இலை மஞ்சளாகும், காய் சுருங்கும், அவ்வளவுதான். நோய் தாங்கும் ரகம் கண்டுபிடிக்க அரசு ஒரு பண்ணை திறந்தது. போர்டு பெரிது.

நானூறு செடி வைத்தார்கள். மருந்தடிக்கக் கூடாது. நோய் வர வேண்டும். வந்தும் தாங்குகிற செடியில் விதை எடுக்க வேண்டும். நல்ல திட்டம். நோயும் ஒத்துழைத்தது. நாலு செடி மட்டும் பச்சை. பூவும் பிஞ்சுமாக நின்றன. மற்றதெல்லாம் மஞ்சள்.

அந்த நாலையும் முதலில் பார்த்தது களையெடுக்கும் செவ்வந்தி. அவள் கொல்லையில் இரண்டு வருஷமாக அவரை ஒரு படி தேறவில்லை. கைப்பிடி விதை கிடைக்காதா என்று தினம் போய் நின்றாள்.

மேலதிகாரி ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. பண்ணை அலுவலர் இளஞ்செழியன் விதிப்புத்தகத்தைப் பிரித்தார். 'பெரும்பான்மைச் செடிகளினின்று மாறுபட்டுத் தோன்றுபவை கலவன் எனக் கருதப்பட்டு வேரோடு அகற்றப்பட வேண்டும்.'

வயலைப் பார்த்தார்.

"செவ்வந்தி, அந்த நாலையும் பிடுங்கு."

"இன்னா சார், அதானே நல்லாருக்குது!"

"நல்லாருக்கான்னு விதியில கேக்கல. மத்தது மாதிரி இருக்கா?"

"மத்ததெல்லாம் செத்துக்கினு இருக்குதுங்க."

"ஒத்துமையா சாகுதில்ல? இது தனியா நின்னா எனக்கு மெமோ."

"பத்து நாள் வுடுங்க சார், காய் முத்திடும்."

"ஆய்வு நாளைக்கு."

"அப்ப வேரோட குடுங்க. வூட்டுல நட்டுப் பாக்கறேன்."

"அரசுக் கலவன். எரிக்கணும்."

பிடுங்கினாள். பச்சைச் செடி லேசில் எரியவில்லை. அலுவலக டீசல் அரை லிட்டர் செலவானது.

அதிகாரி வந்தார். ஒரே மஞ்சள். "என்ன ஒரு சீர்!" என்றார். அறிக்கை: 'நோய் தாக்கியும் செடிகள் நின்றுகொண்டிருப்பதால் எதிர்ப்புத் திறன் உறுதியாகிறது.' ரகத்துக்குப் 'பொன்னிலை' என்று பெயர். கள்ளக்குறிச்சி மாடித்தோட்டக்காரர்கள் இலை அழகு என்று தொட்டியில் வைத்துப் படம் போடுகிறார்கள்.

பொன்னிலை நோய் தாங்கும் என்று விவசாயிகள் சார்பில் கையெழுத்து வேண்டுமாம். ஊரிலிருந்து பதினோரு பேர் பண்ணைக்குப் போய்ப் போட்டோம். போண்டா சூடு. பன்னிரண்டாவது செவ்வந்தி.

"தாங்கினத என் கையாலயே எரிச்சேன். இது தாங்கும்னு கையெழுத்து வேற போடணுமா?" என்று எழுந்து போனாள்.

எங்களில் பச்சமுத்துக்குப் பொறுக்கவில்லை. "நாங்க அத்தினி பேரும் போட்டோம். இவ மட்டும் இன்னா?"

நாங்களும் ஆமாம் என்றோம்.

அவளை இனி வேலைக்குக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னது இளஞ்செழியன் இல்லை. நாங்கள்தான்.