சென்றியில் மறிபட்ட படகுகள்

பிடிவாதக்காரியின் கையில் கணினியைக் கொடுக்கக் கூடாது. என் கையில் கொடுத்தார்கள். ஆகவே நடந்ததற்கு நான் மட்டும் பொறுப்பில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யுத்த காலம். திருகோணமலைப் பாலையூற்றில் சேகர் அண்ணையின் வீடியோக் கடையில் கலியாணப் படங்களுக்கு முகப்புச் செய்வது என் வேலை. மணமக்களின் பெயர் திரையில் வரவேண்டும், சுற்றிவர இதயமோ ரோசாப்பூவோ பறக்கவேண்டும். அவ்வளவுதான் கலை. இருபத்திரண்டு வயதில் எனக்கு அது போதவில்லை. (அந்த வயதில் எதுதான் போதும்?)

ஒருநாள் ஒரு சம்மாட்டியார் கடைக்கு வந்தார். ஆறு மீன்பிடிப் படகுகளுக்குச் சொந்தக்காரர். கடலுக்குப் போகத் தடை என்பதால் ஆறும் மாதக்கணக்கில் கரையில் கவிழ்ந்து கிடந்தன. மகளுக்கு லிங்கநகரில் கலியாண வரவேற்பு.

"பிள்ளை, பூ ஒண்டும் வேண்டாம். வள்ளங்கள் ஓட வேணும். கடலிலதான் விடுறாங்களில்லை, படத்திலயாவது ஓடட்டும்" என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. துறைமுகக் கரையைக் கோடாக வரைந்து, இருநூறு சின்னப் படகுகள் நாலு பக்கமும் இருந்து வந்து மணமக்களின் பெயர்களாகச் சேர்வதாகத் திட்டம் போட்டேன். சேகர் அண்ணை தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரு வள்ளத்தை வரைஞ்சு, மற்றதெல்லாத்தையும் அதின்ர பிரதியா வை. ஒண்டில கை வைச்சா எல்லாம் மாறும். பிறகு கூட்டமா ஓட விடு. ஒரு மணித்தியால வேலை."

"வள்ளங்கள் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையளோ, வரிசையில போக?" என்றேன்.

ஒவ்வொரு படகையும் தனித்தனியாக வரைந்தேன். மஞ்சள் உடல், வெள்ளைப் பாய். (சம்மாட்டியாரின் படகுகள் இயந்திரத்தில் ஓடுபவை. பாய் நான் அழகுக்குப் போட்டது.) ஒவ்வொன்றுக்கும் தனி வழி, தனி வேகம், தனி ஆட்டம். ஒன்று தயங்கும், ஒன்று முந்தும். மின்சாரம் போகும்போதெல்லாம் ஒரு கூட்டம் அழிந்துபோகும். அழுதுகொண்டே மறுபடி செய்வேன். முடிந்தபோது உண்மையான கடலைப் பார்ப்பது போலவே இருந்தது. அதுதான் பிழையாகப் போயிற்று.

வரவேற்பு நாளன்று சீடி எழுதும் கருவி பழுது. கணினியை முழுசாக ஓட்டோவில் ஏற்றி, மொனிட்டரை மடியில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் புறப்பட்டேன். வழியில் இராணுவச் சோதனைச் சென்றியில் மறித்தார்கள். அங்கிருந்த அதிகாரி மரியாதையான மனிதர், தமிழும் ஓரளவு பேசினார்.

"தங்கச்சி, இதுக்குள்ள என்ன இருக்கு?"

"கலியாணப் படம்."

"போட்டுக் காட்டுங்க."

சென்றிக்குள்ளேயே வயரைச் செருகிப் பெருமையோடு போட்டேன். (பயப்படவேண்டிய இடத்தில் பெருமைப்பட்டது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.) திரையில் திருகோணமலைத் துறைமுகம் விரிந்தது. நாலு பக்கமும் இருந்து படகுகள் நுழைந்தன. பாதியில் கணினி அப்படியே நின்றுவிட்டது. பெயர்கள் இன்னும் சேரவில்லை. துறைமுகத்தை இருநூறு படகுகள் சுற்றி வளைத்திருந்தன.

அதிகாரி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு படகின் மேல் விரலை வைத்தார்.

"இது எங்க போகுது?"

"கலியாணப் பொம்பிளையின்ர பேருக்கு."

"இது ஏன் மெதுவா வருது?"

"இயற்கையா இருக்கட்டும் எண்டு."

"யார் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை. நானாத்தான் செய்தனான்."

இதைவிட மோசமான பதில்களை யோசித்தாலும் கிடைக்காது. மறுபடி இயக்கி, பெயர்கள் சேர்வதைக் காட்டிய பிறகும் அவர் சமாதானமாகவில்லை.

"துறைமுகம் வேண்டாம். வள்ளமும் வேண்டாம். பூ போடுங்க. இல்லாட்டி கம்ப்யூட்டர் இங்க நிக்கட்டும்."

துறைமுகக் கரையை ஒரே அழுத்தில் அழித்தேன். படகுகளை என்ன செய்வது? சேகர் அண்ணை சொன்னபடி செய்திருந்தால் ஒன்றை மாற்ற எல்லாம் பூவாகியிருக்கும். என்னுடையவையோ இருநூறும் தனிப்பிறவிகள். மண்டபத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருப்பார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடலிலும் ஓடக் கூடாது, படத்திலும் ஓடக் கூடாது என்றால் சம்மாட்டியார் எங்கேதான் படகு விடுவது?

ஒரு படகின் பாயை மட்டும் அழித்தேன். மஞ்சளாக, வளைந்த உடல் மிஞ்சியது.

"சேர், இப்ப இது என்ன?"

குனிந்து பார்த்தார். "வாழைப்பழம்."

"வாழைப்பழம் ஓடலாமோ?"

வாழைப்பழத்தைப் பற்றி மேலிடத்திலிருந்து அவருக்கு உத்தரவு எதுவும் வந்திருக்காது. "வாழைப்பழம் பரவாயில்லை" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு பாயாக அழித்தேன். கடைசியாக வரும் படகை மட்டும் தொடவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுக்க மனம் வரவில்லை. அதிகாரி முதலில் வந்த பழங்களைப் பார்த்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

மண்டபத்தில் விளக்கை அணைத்தார்கள். வாழைப்பழங்கள் நீந்தி வந்தன. ஒன்று தயங்கியது, ஒன்று முந்தியது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரோ சிரிக்க, மண்டபமே சிரித்தது. சேகர் அண்ணை சமையல் நடந்த குசினிப் பக்கம் போய் ஒளிந்துகொண்டார். சம்மாட்டியார் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும்.

"என்ன பிள்ளை இது? நான் கேட்டது வள்ளமெல்லோ?"

"சென்றியில வள்ளத்தை விடேல்லை ஐயா. வாழைப்பழத்தைத்தான் விட்டவை."

அவர் வாய் திறக்குமுன் கடைசிப் படகு வெள்ளைப் பாயோடு தனியாக வந்து மகளின் பெயரில் நின்றது. சம்மாட்டியார் கதிரையை விட்டு எழும்பினார்.

"அது என்ர வள்ளம்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

சிரிப்பு நின்றது. பிறகு அவரே சிரிக்கத் தொடங்கினார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அடுத்த நாளே சேகர் அண்ணை என்னை ரோசாப்பூவுக்கு மாற்றிவிட்டார். இன்றும் எங்கள் வீட்டில் எதற்காவது அனுமதி கிடைக்காவிட்டால், "பாயைக் கழட்டிப்போட்டுக் கேட்டுப் பார்" என்பார்கள். என் மகள் என்னிடம் சுற்றுலாவுக்கு அனுமதி வாங்குவதும் இந்த வழியில்தான்.

தடை நீங்கிய பிறகு சம்மாட்டியார் புதுப் படகு ஒன்று வாங்கினார். அதன் முன்பக்கத்தில் ஒரு வாழைப்பழம் வரைய வேண்டும் என்று என்னைத்தான் கூப்பிட்டார். போய் வரைந்து கொடுத்தேன். பாயோடு.