அடக்கத்துக்கு வந்த சண்டை

‘பெரியவங்க அன்னிக்கே சொல்லிட்டாங்க’ என்று வாயைத் திறக்கும் இனம் ஒன்று உண்டு. செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் எப்படியும் ஒருவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் காலை மிதித்துவிட்டீர்களா? கவனத்தைப் பற்றி ஒரு பழம்பாட்டு. மிதித்தது அவரா? பொறுமையைப் பற்றி ஒரு பாட்டு. அதுவும் உங்களுக்குத்தான்! இந்த இனத்தை அடையாளம் காணப் படிப்பு எதற்கு? நாலு ஊர் மண்ணை மிதித்த அனுபவம் போதும். அது நம்மிடம் தாராளமாகவே இருக்கிறது.

திருப்போரூர் வாசுதேவனைப் பாருங்கள். கல் சுமந்து, மேஸ்திரியாகி, சிமெண்ட் கடை வைத்து, காலைதோறும் ரேடியோவில் கேட்ட பாட்டையெல்லாம் மனப்பாடமும் செய்துகொண்டவர். அவர் மகளைப் பெண் பார்க்க நெம்மேலி துரை குடும்பத்தோடு வந்தார். துரையின் மகன் கந்தனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. பெண்ணுக்கும் அப்படியே. ஆனால், சம்மதம் சொல்லாமல் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது வழக்கமாயிற்றே! வாசுதேவனின் மனைவி சந்திரம்மா இலை போட்டுச் சோறும் வைத்துவிட்டு, துரையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாய் திறக்கும் நேரம் பார்த்து, “எம் பொண்ணுக்கு அடக்கம் ஜாஸ்தி. அடக்கத்த பத்தி பெரியவங்க அன்னிக்கே...” என்று வாசுதேவன் ஒரு பாட்டை எடுத்துவிட்டார்.

துரையும் அதே இனம் என்று யாருக்குத் தெரியும்?

“நடுவுல ஒரு வரிய முழுங்கிட்டியே அண்ணாத்த!”

“இன்னாது? எனக்கே அடக்கத்த சொல்லிக் குடுக்கிறியா? என்னைவிட அடக்கமான ஆளு இந்த ஊர்ல எவன் கீறான்?”

“நெம்மேலில வந்து கேளு, என் அடக்கம் தெரியும்!”

இரண்டு வேட்டிகளும் மடித்துக் கட்டப்பட்டன. சாம்பார் ஆறியது. அப்பளம் நமத்தது.

“மொதல்ல சாப்டுங்க, அப்புறம் அடிச்சிக்கங்க” என்றாள் சந்திரம்மா. கேட்பார் இல்லை.

“இந்த வூட்ல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன். வாடா!” என்று துரை தெருவில் இறங்கினார்.

கந்தன் எழுந்தான். வாசலுக்குப் போகவில்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றில் கையை வைத்துப் பிசைந்தான்.

“கை நனச்சிட்டேன் நைனா. நீயும் வந்து உக்காரு.”

வழக்கத்துக்கு மேல் துரை பேச முடியுமா? செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

பாயசம் வந்தபோது வாசுதேவன் மனைவியின் காதைக் கடித்தார்: “சம்பந்திக்கு இன்னா கோவம் பாத்தியா? கோவத்த பத்தி பெரியவங்க அன்னிக்கே...” சந்திரம்மா சட்டென்று ஒரு வடையை அவர் வாயிலேயே வைத்தாள்.

இதைப் படிக்கும்போது, ‘இன்னார் இதை அவசியம் படிக்க வேண்டும்’ என்று உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்ததா? ஜாக்கிரதை. வாசுதேவனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.