பிளக்குக்குப் பொட்டு வைத்த கதை

முரசுமோட்டை,
16-10-1959.

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் அப்புத்துரை அவர்களுக்கு, சிற்றம்பலம் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் தங்கை நாகேஸ்வரியும் மகள் பத்மாசனியும் மாடு கன்றுகளும் சுகம். உங்கள் மகன் தில்லைநாதனும் சுகம். சுகமில்லாதது அவனுடைய என்ஜின் ஒன்றுதான். அதனால் மற்றவர்களுக்குச் சுகம் இருந்தும் பிரயோசனமில்லை.

இதை நான் தபாலட்டையில் எழுதியிருக்க வேண்டும். முப்பத்தொரு வருடம் தபாலதிபராக இருந்தவன் நான். ஒரு தபாலட்டைக்குள் அடங்காத துன்பத்தை மற்றவருக்குத் தெரிவிக்கக் கூடாது என்பது என் கொள்கை. ஆனால் வீட்டிலிருந்த தபாலட்டைகளை எல்லாம் வெட்டி முடித்துவிட்டார்கள். என்ஜினுக்குள் நெருப்புப் பொறி போடுகிற பிளக் என்ற சாமானின் நுனியில் ஓர் இடைவெளி உண்டாம், அது சரியாக இரண்டு தபாலட்டைக் கனம் இருக்க வேண்டுமாம். பத்மாசனிதான் கத்தரிக்கோலால் நறுக்கி நறுக்கி அளவு பார்த்துக் கொடுக்கிறாள். பிள்ளை வாய்விட்டு ஒன்றும் சொல்வதில்லை. அவளைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்குதில்லை.

நீங்கள் அவனை இங்கு அனுப்பும்போது வயல் பழகட்டும், ஆவணியில் கலியாணத்தை முடிப்போம் என்றுதான் எழுதினீர்கள். அவன் இரண்டு சாக்கு நிறையப் பழைய மோட்டார் சைக்கிளின் இரும்புகளையும் கொண்டு வருகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நில அளவைப் படிப்பைப் பாதியில் விட்டவன், கணக்கியலை ஒன்றரை வருடத்தில் விட்டவன், இங்கு வந்து கட்டிய கோழிக்கூட்டையும் கூரை போடாமல் விட்டவன் (கோழிகள் மழையில் நனைகின்றன), இதையும் விட்டுவிடுவான் என்று நம்பி இருந்தேன். விடவில்லை. ஆவணி பிறக்க முதல் வந்து என் முன்னால் நின்று, "மாமா, என்ஜின் ஓடினாப் பிறகுதான் கலியாணம்" என்று குசினி வாசலைப் பார்த்தபடி சொன்னான். ஆவணி முகூர்த்தம் இரண்டும் போய்விட்டன. ஊரில் கேட்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? மாப்பிள்ளைக்கு வால்வு சரியில்லை என்றா?

சும்மா ஓடினால் போதாது, பறக்க வேண்டுமாம். அதற்காக என்ஜினின் தலையைத் தேய்த்து மட்டமாக்க வேண்டும், அதற்கு நல்ல கண்ணாடித் தட்டு வேண்டும் என்று நான் ஓய்வுபெற்ற நாளில் எடுத்த படத்தின் கண்ணாடியைக் கழற்றினான். இப்போது பதினெட்டுத் தபாலதிபர்களின் முகத்திலும் இலையான் மொய்க்கிறது. பிறகு பிஸ்டனைச் சூடாக்கினால்தான் அதற்குள் குறுக்கே போகிற இரும்பு ஊசி இறங்குமாம். இடியப்பச் சட்டியில் பிஸ்டனை வைத்து அவித்தார்கள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கடையில் வாங்கிய பாண் தின்றோம் மச்சான். அதற்குப் பிறகு அவித்த இடியப்பத்திலும் மண்ணெண்ணெய் மணம் போகவில்லை.

இனி நீங்கள் கொழும்பிலிருந்து அனுப்பிய பிளக்குகளின் கதைக்கு வருகிறேன். நல்லதாக ஒன்று என்று கேட்டதற்கு நாலு வகை அனுப்பியிருந்தீர்கள். சூட்டைப் பிடித்து வைத்திருக்கிற பிளக் ஒரு வகை, சூட்டை வெளியே விடுகிற பிளக் இன்னொரு வகை, வேகமாக ஓடுகிற என்ஜினுக்குச் சூட்டை விடுகிறதுதான் வேணும் என்று பத்மாசனி சொன்னாள். பழைய பிளக்கைக் கழற்றி எனக்குக் காட்டி, "பாருங்கோ அப்பா, சுண்ணாம்பு மாதிரி வெளிறிப் போச்சு. பால் தேத்தண்ணி நிறத்திலை இருக்கவேணும்" என்றாள். இதெல்லாம் ஒரு குமர்ப்பிள்ளை பேசுகிற பேச்சா? அப்படி அவளை ஆக்கிவிட்டிருக்கிறான் உங்கள் மகன்.

போட்டி விசயதசமிக்கு மறுநாள். முல்லைத்தீவுக் கச்சு முகம்மதுவின் மகன் நஜீமும் இவனும் பளையிலிருந்து பரந்தன் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் ஓடுவதாக ஒப்பந்தம். விசயதசமியன்று உங்கள் தங்கை நாலு பிளக்கையும் ஏடுகளோடு சாமியறையில் வைத்துப் பூசை செய்தாள். அதுவரை சரி. பிறகு ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்தாள். பிளக்குக்கு நெற்றி எது என்று அவளுக்குத் தெரியாது. நுனியில் அந்த இரண்டு தபாலட்டை இடைவெளி இருந்ததல்லவா, அதற்குள்ளேயே அப்பிவிட்டாள்.

காலையில் சைக்கிளை மாட்டு வண்டிலில் ஏற்றிப் பளைக்குக் கொண்டு போனோம். வேகத்துக்குப் பெயரெடுக்கப் போகிற வாகனம் வண்டில் மாட்டின் பின்னால் ஐந்து மணித்தியாலம் போனது. அங்கே போய்ச் சந்தனப் பிளக்கைப் பூட்டி உதைத்தால் என்ஜின் மூச்சே விடவில்லை. தில்லைநாதன் உதைத்தான், நஜீம் உதைத்தான், என்னையும் உதைக்கச் சொன்னார்கள். கடைசியில் நஜீம் பிளக்கைக் கழற்றி மணந்து பார்த்து, "சந்தனமெல்லோ மணக்குது" என்றான். தில்லைநாதன் சட்டை விளிம்பால் துடைக்கப் போக, உங்கள் தங்கை, "துடைக்காதை தம்பி! சாமிக்கு வைச்சது. போற வழிக்குக் கூடாது" என்று குறுக்கே நின்றாள். வருங்கால மாமியாரோடு வாதாட அவனுக்குத் துணிவில்லை. நஜீம் மரியாதையான பிள்ளை. "விடுங்கோ அம்மா, அதை ஒருத்தரும் தொடவேண்டாம். என்னட்டை வோட்டர் பம்புப் பிளக் ஒண்டு கிடக்கு" என்று எடுத்துத் தந்தான்.

பத்மாசனி அதை வாங்கிப் பார்த்து, "இது சூட்டைப் பிடிக்கிறது. ஆனையிறவு தாண்டாது" என்றாள். தாய்க்காரி கரிநாக்கு என்று ஏசினாள். ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என்ஜின் இடி மாதிரி எழும்பியது. எனக்கே, சொன்னால் என்ன, கண் கலங்கிவிட்டது. ஆனையிறவு வரைக்கும் உங்கள் மகன்தான் முன்னுக்கு. அங்கே உப்பளக் காற்றில் பிஸ்டன் நடுவில் ஒரு சத நாணயக் குற்றியளவு ஓட்டை விழுந்து நின்றுபோனான். அவனைத் தாண்டிப் போன நஜீம் திரும்பி வந்து, கயிறு கட்டிப் பரந்தன் வரை இழுத்து வந்து விட்டான். இருவரும் ஒன்றாகத்தான் வந்தார்கள், ஆகவே யார் வென்றது என்று எவருக்கும் தெரியாது.

மச்சான், எனக்குக் களைத்துவிட்டது. மாரி தொடங்கிவிட்டது, விதைப்புக்கு ஆளில்லை. புதுப் பிஸ்டன் கேட்டு அவன் உங்களுக்கு எழுதுவான். தயவுசெய்து அனுப்ப வேண்டாம். ஒன்றில் வந்து நாளைக் குறித்துக் கலியாணத்தை முடியுங்கோ, இல்லையென்றால் உங்கள் பிள்ளையையும் சாக்குகளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. என் பிள்ளையின் வாழ்வை ஓர் ஓட்டைப் பிஸ்டனுக்குக் காவல் வைக்க என்னால் ஏலாது.

தில்லைநாதனின் தாயார் இராசேஸ்வரி அக்காவுக்கு எங்கள் எல்லோருடைய அன்பு. முருகன் உங்கள் வீட்டில் எல்லோரையும் நோய் நொடியின்றிக் காக்கட்டும்.

இப்படிக்கு,
சிற்றம்பலம்
(ஓய்வுபெற்ற தபாலதிபர்)

பிற்குறிப்பு: முத்திரை ஒட்டச் சொல்லிக் கடிதத்தைப் பத்மாசனியிடம் கொடுத்தேன். முழுவதையும் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து, "அப்பா, என்ஜின் ஓடாமல் கலியாணமில்லை எண்டது அத்தானில்லை. நான்தான் சொன்னனான்" என்றாள். ஏன் பிள்ளை என்று கேட்டேன். "ஒண்டையாவது தொடங்கி முடிக்கட்டுமெண்டு பாத்தன். பாதியிலை விடுற ஆளுக்கு நான் என்னெண்டு கழுத்தை நீட்டிறது?" என்றாள். குசினியில் நின்ற உங்கள் தங்கைக்கும் அது கேட்டிருக்கிறது. சத்தமில்லாமல் சாமியறைக்குப் போய், நாலு பிளக்கையும் எடுத்து, தன் சேலைத் தலைப்பாலேயே சந்தனத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே பிஸ்டன் அனுப்பவும். அளவு கீழே பத்மாசனியின் கையெழுத்தில் உள்ளது. இரண்டு தரம் தபால் செலவு எதற்கு, கூறைச்சேலையையும் அதே பார்சலில் வைத்துவிடுங்கோ. பிஸ்டனுக்கு எண்ணெய் பூசித் தருவார்கள், சேலையில் படாமல் வேறாகச் சுற்றவும்.