பதினெட்டுக்கு மேல் ஒரு சீட்டு

ஒஸ்லோ முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் மிச்சமண்ணையைப் போல ஓரிடத்தில் இருக்கத் தெரியாத மனிதரைக் கண்டுபிடிக்க முடியாது. கதிரைக்கும் அவருக்கும் பிறவிப் பகை. வீட்டுக்குப் போனால் நம்மை இருக்கச் சொல்லிவிட்டுத் தான் நின்றபடி தேநீர் குடிப்பார். ஸ்டோவ்னரில் இறங்க வேண்டியவர் நாலு ஸ்டேஷனுக்கு முன்னாலேயே எழும்பி ரயில் கதவடியில் போய் நிற்பார். ஏன் அண்ணை என்று கேட்டால், "மிச்சம் நாலுதானே" என்பார்.

அந்த 'மிச்சம்'தான் அவருக்குப் பெயராகிவிட்டது. எதைக் கண்டாலும் மிச்சம் எத்தனை என்று எண்ணுவார். பள்ளிக்கூடம் ஒன்றில் பல்ப் மாற்றுவது, பூட்டுத் திருத்துவது என்று நாள் முழுவதும் நடக்கிற வேலை அவருக்கு. பெட்டியில் எத்தனை பல்ப் மிச்சம், நாள்காட்டியில் எத்தனை விடுமுறை மிச்சம் என்பதெல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். பிறந்தநாள் விருந்துகளில் சாப்பாட்டு வரிசையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து என் காதுக்குள் சொல்வார்.

"தம்பி, தட்டிலை முப்பது கட்லட் மிச்சம். எங்களுக்கு முன்னாலை முப்பத்தாறு பேர் நிக்கினம். நீ வடைப் பக்கம் போ."

நான் நம்பாமல் நின்று பார்த்திருக்கிறேன். கட்லட் கிடைத்ததில்லை.

இப்படிப்பட்டவரோடு நான் இருபது வருடம் சனிக்கிழமை பின்னேரங்களில் முந்நூற்றிநாலு விளையாடினேன். யாழ்ப்பாணத்தவர் எங்கே போனாலும் கையோடு கொண்டு போகிற சீட்டாட்டம் அது. நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஹவுகன்ஸ்டுவாவில் என் வீட்டு மேசையில்தான் ஆட்டம். மிச்சமண்ணை ஒரு முழங்காலைக் கதிரையில் ஊன்றி நின்றபடியே விளையாடுவார். விழுந்த சீட்டு அத்தனையும் அவருக்கு நினைவிருக்கும். எனக்கோ நான் போட்ட சீட்டே நினைவிருக்காது. ஒரு பிழையான சீட்டைப் போட்டேனோ, கீழ் வீட்டு நோர்வேக்காரருக்கும் தமிழ் விளங்கிவிடும்.

"டேய், உன்ரை மண்டேக்கை என்ன களிமண்ணோ? ஒன்பது இன்னும் வெளியிலை நிக்குதடா. ஆரைக் கேட்டு இதை இறக்கினனீ?"

வேறு யாரும் அவருக்குக் கூட்டாளியாக இருக்கச் சம்மதிக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் ஓடிவிட்டார்கள். நான் ஓடவில்லை, வீடு என்னுடையது.

அவருடைய மகள் ஆரணி ஹம்மர்பெஸ்டில் எரிவாயு ஆலையில் பொறியியலாளர். அவளுக்கு முதல் குழந்தை பிறந்ததும் அண்ணையின் மனைவி செல்வமக்கா பிள்ளைப்பேறு பார்க்க வடக்கே பறந்துவிட்டார். போகும்போது புருஷனுக்கு ஒரேயொரு வேலைதான் சொல்லிவிட்டுப் போனார். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வரும்போது பேத்திக்கு இரண்டு பவுணில் ஒரு சங்கிலி வாங்கிவர வேண்டும். அதற்கென்று சேர்த்த இருபதாயிரம் குரோனர் அலுமாரிக்குள் இருந்தது.

வீட்டில் தனியாக இருந்த மனிதர் கைத்தொலைபேசியில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். மறுநாள் என் வீட்டுக்கு வந்து நடந்துகொண்டே விளக்கினார்.

"பிளாக்ஜாக் எண்டு ஒரு விளையாட்டு. இருவத்தொண்டுக்குக் கிட்ட வரவேணும், தாண்டினால் போச்சு. சின்னக் காட் விழுந்தால் ஒண்டைக் கூட்டு, பெரிய காட் விழுந்தால் ஒண்டைக் கழி. கணக்கு ஏறினால் மிச்சம் கிடக்கிறதெல்லாம் பெரிய காட். அப்ப காசை ஏத்து. இது சூது இல்லையடா, கணக்கு."

"அப்பிடியெண்டால் எல்லாரும் பணக்காரராகியிருப்பினமே அண்ணை?"

"எல்லாருக்கும் எண்ணத் தெரியாதடாப்பா."

ஒரேயொரு மனத்தாங்கல்தான் அவருக்கு. முந்நூற்றிநாலில் ஜாக்குக்கு அடுத்த பெரிய சீட்டு ஒன்பது. இந்த எண்ணிக்கையில் ஒன்பதுக்குக் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. "ஒன்பதை மதிக்கத் தெரியாத சனம்" என்று இரண்டு நாள் புறுபுறுத்தார்.

பிறகு பயிற்சி. ரயிலில் ஏறுகிற பிள்ளைகளுக்கு ஒன்று கூட்டுவார், பெரியவர்களுக்கு ஒன்று கழிப்பார். ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் நகரும் படிக்கட்டடியில் நின்று வாய்க்குள் முணுமுணுத்தபடி ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தபோது காவலாளி வந்து, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான். "கழித்தல் மூன்று" என்று நோர்வேஜிய மொழியில் பதில் சொல்லியிருக்கிறார். அவன் என்னை அழைத்துத்தான் அவரை ஒப்படைத்தான்.

நோர்வே மண்ணில் சூதாட்ட விடுதி கிடையாது. ஆனால் ஜேர்மனிக்குப் போகிற கப்பலில், கரையை விட்டு விலகிய பிறகு மேசை திறப்பார்கள். மிச்சமண்ணை இரண்டு ரிக்கெற் எடுத்தார், சங்கிலிக் காசையும் எடுத்தார்.

"ரண்டு பவுணை நாலாக்கிக் கொண்டுபோறன். செல்வத்துக்கு மூச்சு விட்டிடாதை."

நானும் போனேன். அவரைத் தனியே விட மனம் வரவில்லை.

திட்டம் இதுதான். நான் ஆகக் குறைந்த காசை வைத்துக்கொண்டு மேசையில் இருப்பேன். அவர் பின்னால் உலாவியபடி எண்ணுவார். அது அவருக்குச் சிரமமில்லாத வேலை. கணக்கு ஏறியதும் பக்கத்துக் கதிரைக்கு வந்து பெரிதாக வைப்பார். மனதுக்குள் எண்ணுவது குற்றமில்லை, ஆனால் கண்டுபிடித்தால் மேசையை விட்டு எழுப்பிவிடுவார்கள். அதனால் நாங்கள் இருவரும் முன்பின் தெரியாத ஆட்கள். முன்பின் தெரியாத அந்த இரண்டு தமிழரும், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஸ்டோவ்னரில் வாங்கிய ஒரே மாதிரிக் கட்டம் போட்ட சட்டையை அணிந்திருந்தார்கள். கப்பல் புறப்பட்ட பிறகுதான் அதைக் கவனித்தேன்.

முதல் கால்மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. மூவாயிரம் வென்றார். கதிரையில் ஒரு முழங்காலை ஊன்றி நின்றவரைச் சீட்டுப் போடுகிற இளைஞன் இருக்கச் சொன்னான். இருந்தார், ஆனால் மேசைக்குக் கீழே கால் தையல் மெசின் மிதித்தது. பிறகு கணக்கு ஏறியது. காசை ஏற்றினார், தோற்றார். இன்னும் ஏற்றினார், இன்னும் தோற்றார். அவருடைய எண்ணிக்கையில் பிழையில்லை. பெரிய சீட்டுகள் மிச்சமிருந்தன, வரவும் செய்தன. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம், சீட்டுப் போடுகிறவனுக்கு வந்தன. என்ன மிச்சம் என்று எண்ணலாமே தவிர, அது யாருக்கு வரும் என்று எண்ண முடியாது.

வென்ற மூவாயிரத்தோடு சங்கிலிக் காசில் எட்டாயிரமும் போய்விட்டது. இடையில் செல்வமக்கா அழைத்தார். மிச்சமண்ணை ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார்.

"ஓம் ஓம், சங்கிலிக்கு ஓடர் குடுத்தாச்சு. வடிவான டிசைன்."

திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டாயிரத்தை எடுத்து வைத்தார். இனி அவர் எழும்பமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. கெஞ்சினால் கேட்க மாட்டார், இழுத்தால் வரமாட்டார். வெறும் கையோடு அந்தப் பிள்ளைக்கு முன்னால் போய் நிற்பதற்குப் பதிலாக ஹம்மர்பெஸ்டுக்கே போகாமல் விட்டுவிடுவார்.

என் கையில் பதினெட்டு. சீட்டுப் போடுபவனுக்குத் திறந்திருந்தது ஆறு. சும்மா இருக்க வேண்டியதுதான், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடுத்ததாக ஆட வேண்டிய மிச்சமண்ணையின் கையில் பதினொன்று.

இந்த மனிதரால் எதையும் தாங்க முடியும், கூட்டாளி போடுகிற பிழையை மட்டும் தாங்க முடியாது. இருபது வருடத்தில் நான் படித்த ஒரே பாடம் அது. விரலால் மேசையைத் தட்டி இன்னொரு சீட்டுக் கேட்டேன்.

வந்தது கிங், பத்துப் புள்ளி. அதை நான் திட்டமிடவில்லை.

"டேய் மொக்கா" என்று மிச்சமண்ணை எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. "பதினெட்டை வைச்சுக்கொண்டு ஆரடா காட் கேக்கிறவன்? அது என்ரை கிங்கடா. இருவது வருசம் சொல்லித் தந்தும் உனக்கு மண்டேக்கை களிமண்தானோ?"

அதோடு விட்டாரா? இளைஞன் பக்கம் திரும்பி, இன்னும் எத்தனை பெரிய சீட்டு மிச்சம் என்று நோர்வேஜிய மொழியில் ஒப்புவித்தார். மேற்பார்வை செய்கிற பெண் வந்தார். எங்கள் சட்டைகளை மாறி மாறிப் பார்த்தார். இந்தக் கை முடியட்டும், பிறகு நீங்கள் இருவரும் கப்பலில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், இந்த மேசையில் மட்டும் வேண்டாம் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். அந்தக் கையும் தோற்றது.

மேல்தளத்தில் குளிர்காற்றில் அவர் நடந்தார், நான் பின்னால் நடந்தேன்.

"மிச்சம் எவ்வளவு அண்ணை?"

"பத்தாயிரம்."

"ஒரு பவுண் வரும்."

"வரும்" என்றார்.

ஹம்மர்பெஸ்டுக்கு நானும் போனேன். குழந்தையின் கழுத்தில் நூல் மாதிரி ஒரு சங்கிலி. "தங்கம் விக்கிற விலைக்கு இதே பெரிசு" என்று செல்வமக்கா ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மிச்சமண்ணை கதிரையில் இருந்தார். உண்மையாகவே இருந்தார், இரண்டு முழங்காலும் மடித்து, இரண்டு மணி நேரமாக. பேத்தி அவர் நெஞ்சில் நித்திரை. நான் பக்கத்தில் போய் இருந்தேன். குழந்தை எழும்பாதபடி மெல்லச் சொன்னார்.

"என்னோடை இருவது வருசம் விளையாடினனீ. பதினெட்டுக்குக் காட் கேக்கிற அளவுக்கு நீ மொக்கன் இல்லை."

"கை தவறிப்போச்சு அண்ணை."

"ஓம் ஓம்" என்றார். இடக்கையால் என் முழங்காலைப் பிடித்தவர் விடவே இல்லை.

அவர் பிறகு ஒஸ்லோவுக்குத் திரும்பவில்லை. அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பல்ப் மாற்றுகிறார். இப்போது எனக்குக் கூட்டாளியாக வாய்த்தவர் தங்கமான மனிதர். கதிரையில் ஒழுங்காக இருப்பார். நான் பிழையான சீட்டைப் போட்டால், "பரவாயில்லை தம்பி, அடுத்தமுறை பாப்பம்" என்பார். போட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்க்கிறேன். ஏசுவதற்கு ஆளில்லாத மேசையில் எனக்கு விளையாட மனமே வருவதில்லை.