பரமசிவம் சாரின் பல்லும் என் மென்பொருளும்

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கென்று ஒரு பொது வாக்கியம் உண்டு. ‘என் சிஸ்டத்துல நல்லாத்தான் ஓடுச்சு.’ அதில் பொய் எதுவும் கிடையாது. எங்கள் கணினியில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். வீட்டில் கணீரென்று பாடுகிற பிள்ளை, மேடையில் ஏற்றிவிட்டதும் தொண்டை அடைத்து நிற்பதில்லையா, அந்த மாதிரி. ஆனால் அந்தப் பிள்ளையாவது வாயை மூடிக்கொண்டு நிற்கும். நான் பெற்ற பிள்ளை பேசிவிட்டது.

அப்போது நான் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் விண்டோஸ் அப்ளிகேஷன்கள் எழுதிக்கொண்டிருந்தேன். உலகமே மொபைலுக்கும் வெப்சைட்டுக்கும் போய்விட்ட பிறகும், பட்டனும் பெட்டியும் வைத்து டெஸ்க்டாப்பில் ஓடுகிற புரோகிராம் எழுதும் சிறு கூட்டம் நாங்கள். அதில் என்னைவிட ஜூனியராக ஒரே ஒரு பையன் இருந்ததால், நான் சீனியர். ‘ஃபைல் இருக்கும் இடத்தை எப்போதும் நிரலுக்குள் நேரடியாக எழுதாதே’ என்று அவனுக்கு வகுப்பெல்லாம் எடுத்திருக்கிறேன். (இதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் வருகிற அவமானத்தின் முழு ருசியும் உங்களுக்குக் கிடைக்காது.)

என் அக்கா ரேவதி பல் டாக்டர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் யாருக்கோ கீழே வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் துணிந்து ராஜினாமா செய்துவிட்டு, ஊரப்பாக்கத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் சொந்தமாக கிளினிக் ஆரம்பித்தாள். அவள் கணவரான மாமாவின் சேமிப்பும் அவள் நகையும் பல் பார்க்கும் நாற்காலியாக மாறி உள்ளே உட்கார்ந்திருந்தன. அவள் அந்த நாட்களில் சரியாகத் தூங்கவில்லை. யார் எது கேட்டாலும் “ஜனங்க வருவாங்களா?” என்றுதான் பதில் சொன்னாள்.

இப்படிப்பட்டவளிடம் போய், “உனக்கு நான் டோக்கன் சாஃப்ட்வேர் எழுதித் தரேன்” என்றேன்.

“எதுக்குடி? ஸ்டெல்லா வாசல்ல நின்னு பேரைக் கூப்பிட்டா போதாதா?”

ஸ்டெல்லா என்பது ரிசப்ஷனுக்கு அக்கா வேலைக்குச் சேர்த்திருந்த பெண்.

“அதெல்லாம் பழைய காலம்கா. டிவியில பேர் வரும். நடுவுல சிரிக்கிற பல்லு படமெல்லாம் மாறி மாறி வரும். தமிழ்ல குரலே கூப்பிடும். ‘அவர்கள்’னு மரியாதை போட்டுக் கூப்பிடும்.”

அந்த ‘அவர்கள்’ அக்காவைச் சாய்த்துவிட்டது. சம்மதித்தாள்.

கிழக்குத் தாம்பரம் வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்க்கிற நாட்களில், இடையிடையே அதை எழுதினேன். ஆரம்பத்திலிருந்தே அது என்னைப் படுத்தியது. பட்டனை அழுத்தினால் குரல் பேசி முடிக்கும் வரை திரை வெளுத்து, உறைந்து நின்றது. பேசுகிற வேலையையும் திரையைக் கவனிக்கிற வேலையையும் ஒரே ஆள் தலையில் கட்டினால் அப்படித்தான். எனவே பேசுவதற்கென்று பின்னணியில் தனியாக ஓர் ஆளை நியமித்தேன். திரை உறைவது நின்றது. எனக்கு நானே தோளில் தட்டிக்கொண்டேன்.

அடுத்து, எப்போதாவது பல் படங்கள் வராமல் நின்றுபோயின. எங்கே தவறு நடக்கிறது என்று கண்டுபிடிக்க, தவறு நேரும்போது ஒரு செய்தி வருமாறு எழுதினேன். இதை எல்லோரும் செய்வார்கள். ஆனால் எல்லோரும் கணினி முன் உட்கார்ந்திருப்பார்கள். நான் சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டே சோதித்துக்கொண்டிருந்தேன். திரையை யார் போய்ப் பார்ப்பது? அதனால் அந்தச் செய்தியையும் குரலிலேயே சொல்லச் செய்தேன். யாருடைய முறையில் தவறு நடந்தது என்று தெரிவதற்காக, உள்ளே இருக்கும் நோயாளியின் பெயரையும் முன்னால் சேர்த்தேன்.

முதல் முறை தவறு நேர்ந்தால், ‘என்னமோ தப்பு நடக்குது.’ இரண்டாம் முறை, ‘நிலைமை கை மீறிப் போயிடுச்சு.’ அதற்கும் மேலே போனால், ‘கதை முடிஞ்சுது. ஆளைத் தூக்கு.’ (வரிசையிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிடு என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட குறிப்பு. சத்தியமாக வேறு அர்த்தம் இல்லை.)

இந்தப் புலம்பல்கள் ஊராருக்குக் கேட்கக்கூடாது என்கிற அறிவு எனக்கு இருந்தது. ஒரே நிரலைச் சோதனைக்கு ஒரு பிரதி, வெளியே கொடுக்க ஒரு பிரதி என்று இரண்டு ஃபோல்டர்களில் தயாரித்துக்கொள்ளலாம். சோதனைப் பிரதியில் மட்டும்தான் புலம்பல் வரும். திறப்பு விழா அன்று காலை, புடவைக்குக் குத்த ஊக்கு தேடுகிற அவசரத்தில், எந்த ஃபோல்டரை பென் டிரைவில் போட்டுக்கொண்டு கிளம்பினேன் என்பதை நீங்களே யூகித்திருப்பீர்கள்.

கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்த புதுக் கணினியில் என் புரோகிராமை நகலெடுத்துத் திறந்தேன். திறக்கவில்லை. அதற்கு வேண்டிய துணைச் சாமான்கள் அந்தக் கணினியில் இல்லை. இணையத்திலிருந்து இறக்கிப் போட்டேன். திறந்தது. படங்கள் வரவில்லை. (உள்ளே நோயாளி என்று யாரும் இல்லாததால் புலம்பலும் வரவில்லை.) என் வீட்டுக் கணினியில் படங்கள் D டிரைவில் இருந்தன. நான் அந்த விலாசத்தை நிரலுக்குள் நேரடியாக எழுதியிருந்தேன். (ஆம், அதேதான்.) அக்காவின் கணினியில் D டிரைவே கிடையாது.

“ஆச்சாடி? ஹவுஸ் ஓனர் வந்துட்டாரு” என்று அக்கா எட்டிப் பார்த்தாள்.

“ஒரு நிமிஷம்கா.”

அந்த நேரத்தில்தான் என் மூளை, தேவையில்லாத சமயத்தில் வேலை செய்யும் வழக்கப்படி, வேலை செய்தது. நான் சொருகியிருந்த பென் டிரைவையே கணினி D என்று காட்டிக்கொண்டிருந்தது. படங்களின் ஃபோல்டரை அதில் உரிய பெயரில் வைத்தேன். டிவியில் ஒரு பல் பளீரென்று சிரித்தது. பென் டிரைவை எடுக்காத வரைக்கும் உலகம் சரியாக இருக்கும். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. காபி கொடுக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

கட்டட உரிமையாளர் பரமசிவம் சார், ஓய்வு பெற்ற அரசு அதிகாரி. முதல் நோயாளியாக அவரையே உட்கார வைப்பது என்று ஏற்பாடு. வெறுமனே பல்லைச் சுத்தம் செய்வதுதான். ஆனாலும் அவர் முகம் சுரத்தாக இல்லை.

“எனக்கு சின்ன வயசுலேர்ந்தே பல் டாக்டர்னா கொஞ்சம் ஆகாதும்மா” என்றார் என்னிடம் ரகசியமாக.

“வலிக்கவே வலிக்காது சார்” என்றேன், ஏதோ நானே சுத்தம் செய்யப்போகிறவள் மாதிரி.

ஸ்டெல்லா பெயரைத் தட்டினாள். செய்தி வாசிப்பவர் போன்ற கனத்த ஆண் குரல், “பரமசிவம் அவர்கள், உள்ளே வரவும்” என்றது. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். அவருடைய மனைவி கோமதி அம்மா என் கையைப் பிடித்து, “நீயேவா பண்ணின?” என்று கேட்டார். நான் தலையைக் குனிந்து வெட்கப்பட்டேன். என் வாழ்க்கையின் உச்சம் அது. சிறிய உச்சம்தான், ஆனால் இருந்தது.

வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டே நான் படிக்கட்டுப் பக்கம் போனபோது, மாமா கணினி அருகே வந்திருக்கிறார். வேறொரு பென் டிரைவில் பக்திப் பாடல்கள் கொண்டுவந்திருந்தார். மங்களகரமாக ஏதாவது ஒலிக்கட்டுமே என்ற நல்லெண்ணம். அதைச் சொருகக் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது ஒரே ஓர் இடம்தான், அதில் என் பென் டிரைவ் இருந்தது. அதை உருவி மேஜை மேல் பத்திரமாக வைத்துவிட்டுத் தன்னுடையதைச் சொருகினார்.

டிவியில் பல் மறைந்தது. குரல் தொண்டையைச் செருமாமல் நேரடியாக விஷயத்துக்கு வந்தது.

“பரமசிவம் அவர்கள். என்னமோ தப்பு நடக்குது.”

காத்திருந்தவர்களின் பேச்சு நின்றது. எல்லோரும் மூடியிருந்த கண்ணாடிக் கதவைப் பார்த்தார்கள்.

“பரமசிவம் அவர்கள். நிலைமை கை மீறிப் போயிடுச்சு.”

கோமதி அம்மா எழுந்து நின்றார். “பல்லு கிளீன் பண்ணத்தானே போனாரு?” என்று பொதுவாக எல்லோரையும் கேட்டார்.

நான் தட்டோடு ஓடி வந்தேன். அதற்குள் மூன்றாவது வந்துவிட்டது.

“பரமசிவம் அவர்கள். கதை முடிஞ்சுது. ஆளைத் தூக்கு.”

கொலைகாரன் என்றாலும் மரியாதை தெரிந்த கொலைகாரன். ‘அவர்கள்’ ஒரு தடவைகூட விட்டுப்போகவில்லை.

படம் மாற வேண்டிய ஒவ்வொரு தடவையும் புரோகிராம் D டிரைவில் தேடியது. கிடைக்காமல் அறிவித்தது. மறுபடி தேடியது. நான் மாமாவைத் தள்ளிவிட்டு மௌஸைப் பிடித்து, மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினேன். டிவி சுத்தமாகியது. அப்பாடா என்று நிமிர்ந்தேன்.

“பரமசிவம் அவர்கள். கதை முடிஞ்சுது.”

பேசுவதற்கென்று தனியாக நியமித்தேன் இல்லையா, அந்தப் பின்னணி ஆள். முதலாளி கடையைச் சாத்திக்கொண்டு போன பிறகும் உள்ளேயே உட்கார்ந்து வேலை பார்க்கிற ஊழியன் மாதிரி, திரையில் புரோகிராமின் ஜன்னலை மூடினாலும் அவன் போகவில்லை. ஜன்னலோடு சேர்த்து அவனையும் அனுப்ப ஒரு வரி எழுத வேண்டும். நான் எழுதவில்லை. இப்போது அழுத்துவதற்கு ஒரு பட்டன்கூடத் திரையில் இல்லை. அவனை வேறு வழியில் நிறுத்தலாம், எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் களேபரத்தில் எந்தப் பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

“என்னடி அங்க?” என்று அக்காவின் குரல் உள்ளிருந்து வந்தது.

“கரன்ட்ட ஆஃப் பண்றேன்” என்று மாமா மெயின் சுவிட்சை இறக்கினார்.

விளக்கு, ஃபேன், டிவி, ஏசி எல்லாம் நின்றன. ஜன்னல்களில் புதிதாக ஒட்டிய கறுப்புத் தாளால் பகலிலேயே ஹால் இருட்டாகியது. உள்ளே அக்காவின் நாற்காலி, பரமசிவம் சாரை மல்லாக்கப் படுக்க வைத்த நிலையிலேயே நின்றுவிட்டது. நிற்காதது ஒன்றே ஒன்று. கணினியும் ஸ்பீக்கரும் யு.பி.எஸ்ஸில் இருந்தன. (என் யோசனைதான். கரன்ட் போனால் டோக்கன் நிற்கக்கூடாது என்று வற்புறுத்தி வாங்க வைத்தேன்.)

இருட்டில், முழு நிசப்தத்தில், அந்தக் குரல் இன்னும் கம்பீரமாகக் கேட்டது.

“பரமசிவம் அவர்கள். கதை முடிஞ்சுது. ஆளைத் தூக்கு.”

உள்ளேயிருந்து ‘ஆ... ஆ...’ என்று ஒரு சத்தம். வாய்க்குள் அக்காவின் கருவி இருந்ததால் அவரால் அதற்கு மேல் ஆட்சேபம் தெரிவிக்க முடியவில்லை. “ஒண்ணும் இல்ல சார், பயப்படாதீங்க, என் தங்கச்சி சாஃப்ட்வேர் சார்” என்று அக்கா கெஞ்சுவது கேட்டது. “நாங்க நாளைக்கு வரோம்மா” என்றபடி ஒரு குடும்பம் மொபைல் வெளிச்சத்தில் செருப்பைத் தேடியது.

யு.பி.எஸ்ஸும் புதுசு. யாரும் அதைச் சரியாக சார்ஜ் செய்திருக்கவில்லை. “பரமசிவம் அவர்கள். கதை...” என்று ஆரம்பித்து, பாதியில் அது உயிரை விட்டது. அன்று எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு பரமசிவம் சார் வந்தார். கழுத்தில் நீலத் துணி, கண்ணில் ஈரம். கோமதி அம்மா அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் என்னிடம் வந்து நின்று, மெதுவாகக் கேட்டார்:

“அந்த ஆள் யாரும்மா?”

மாமா மெயினைப் போட்டார். வெளிச்சம் வந்தபோது ஹாலில் நாற்காலிகள்தான் அதிகம் இருந்தன. நான் விழுந்து விழுந்து மன்னிப்புக் கேட்க, பரமசிவம் சாரைக் கோமதி அம்மா கைப்பிடித்துக் கீழே அழைத்துப் போனார். அக்கா கையுறையைக் கழற்றாமலே ரிசப்ஷன் மேஜையில் சாய்ந்து நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இருந்த வேலையையும் விட்டுட்டு வந்திருக்கேன்டி” என்றாள். அவ்வளவுதான்.

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல்.

“டாக்டரம்மா, நான் ஒர்த்தன் கீறேன்.”

காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர் ஒருவர், வீங்கிய கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டலூர் ஜூவுக்குச் சவாரி போய்விட்டுத் திரும்பும்போது போர்டைப் பார்த்து ஏறி வந்தவராம்.

“நீங்க போகலையாண்ணா?” என்று அக்கா கேட்டாள்.

“எங்கம்மா போறது? வலியில உசிரு போய்கினு கீது. அது இங்கயே போவட்டும். தூக்கறதுக்குதான் ஆளு வெச்சிகீறீங்களே.”

அக்கா ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, அதைத் துடைக்கக் கையுறையைக் கழற்றி, புதிதாக ஒன்று போட்டுக்கொண்டு, “உள்ள வாங்கண்ணா” என்று தன் சொந்தக் குரலில் கூப்பிட்டாள். நோயாளியை இவ்வளவு அழகாகக் கூப்பிடும் வசதி அவளிடமே இருந்திருக்கிறது.

ஆட்டோக்காரரின் சொத்தைப் பல் வெளியே வந்துவிட்டது, வலி போய்விட்டது. அவர் ஆட்டோ ஸ்டாண்டில் போய் நடந்ததை நடித்தே காட்டியிருக்கிறார். அடுத்த வாரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பாதிப் பேர் பல்லுக்காக, பாதிப் பேர் குரலைக் கேட்க. இன்றைக்கும் ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி அக்காவின் கிளினிக் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர்கள் யோசிப்பார்கள். ‘ஆளைத் தூக்குற டாக்டரம்மா’ என்றால் வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். பரமசிவம் சாரும் வந்து பாதியில் நின்ற சுத்தத்தை முடித்துக்கொண்டார், கோமதி அம்மா கதவைத் திறந்து வைத்துக் காவலுக்கு நிற்க.

புரோகிராமைச் சரி செய்ய எனக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது. அக்கா அதைத் திரும்ப உள்ளே விடவில்லை.

அந்தத் திறப்பு விழாவுக்கு அப்புறம் பிறந்தவள் அக்காவின் மகள் யாழினி. ஆனால் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். போன மாதம் அவள் பள்ளியில், வீட்டில் யார் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். அம்மா பல் டாக்டர், அப்பா பேங்க் என்றெல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, “எங்க சித்தி ஆளைத் தூக்குறவங்க” என்றிருக்கிறாள்.

மறுநாள் பள்ளியிலிருந்து அக்காவுக்கு போன் வந்தது. விஷயத்தை நேரில் வந்து விளக்குமாறு கேட்டுக்கொண்டார்கள். அக்கா போக மறுத்துவிட்டாள். எனவே, ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சித்திதான் போனேன்.