கிளை மரமாகாது

விதி வகுப்போர் என்றொரு மனித இனம் உண்டு. எங்கே நாலு பேர் மட்டையும் பந்துமாகக் கூடினாலும் அங்கே ஐந்தாவதாக முளைப்பார்கள். ஆடமாட்டார்கள். ஓடினால் மூச்சு வாங்கும், குனிந்தால் இடுப்பு பிடிக்கும். ஆனால் எப்படி ஓடுவது, எவ்வளவு குனிவது என்று அவர்களைக் கேட்காமல் நீங்கள் அசைய முடியாது.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், எங்கள் கிராமத்தில் அந்த இனத்தின் திருவுருவம் ஜெர்வஸ் பிளம்லி. பார்லியை முளைகட்டி, பீர் காய்ச்சுபவர்களுக்கு விற்பவர். விளையாட்டைப் பாவம் என்றவர்களின் ஆட்சி போய், மன்னர் திரும்பி வந்து, ஊருக்கு ஊர் கிரிக்கெட் பந்தயம் சூடுபிடித்திருந்த நேரம். அதுவரை விதியெல்லாம் வாய்ப்பேச்சுதான். தகராறு வந்தால் பெரிய குரல் ஜெயிக்கும். பிளம்லிதான் முதன்முதலில் தாளில் எழுதினார். ஒவ்வொரு விதியும் எங்கள் ஊர் தோற்ற மறுநாள் பிறந்தது தற்செயல்தானே? சென்ற ஆண்டு எங்கள் கொல்லன் அடித்த பந்து திடலுக்குள்ளேயே நிற்கும் ஓக் மரத்தில் பட்டு எதிரணியின் கையில் விழுந்து, கொல்லன் ஆட்டமிழந்தான். மறுநாளே விதி: மரத்தில் பட்ட பந்தைப் பிடித்தால் செல்லாது.

இந்த ஆண்டும் அதே எதிரணி. ஏழு ஆண்டுகளாக எங்களை வீழ்த்தி, பந்தயப் பரிசான பீப்பாய் பீரையும் உருட்டிக்கொண்டு போனவர்கள். எங்கள் ஆள் ஒருவனுக்குக் கணுக்கால் சுளுக்கிவிட, வேறு வழியின்றி பிளம்லியையே மரத்தடியில் நிறுத்தினோம். கடைசியில் அவர்களுக்கு இரண்டே ஓட்டம் வேண்டும். மிச்சம் ஒரே ஆட்டக்காரன். ஓங்கி அடித்தான். பந்து ஓக் கிளையில் மோதி நேரே இறங்கி, பிளம்லியின் தொப்பைக்கும் கைகளுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. வாழ்நாளில் அவர் பிடித்த முதல் பந்து. ஊரே ஓடிவந்து அவரைத் தூக்கியது. அவர் அழுதுகொண்டிருந்தார்.

எதிரணித் தலைவர் டன்ஸ்டன் பெல் ஓர் உழவர். கத்தவில்லை. காலையில் ஆட்டத்துக்கு முன் வாசித்த விதித்தாளை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிளம்லி வாசித்தார். மரம் என்ற இடத்தில் குரல் தேய்ந்தது. பிறகு தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே தொடர்ந்தார்.

"அடிமரத்துல பட்டாத்தான் இந்த விதி. கிளைக்குப் பொருந்தாது."

"காலையில இதை வாசிக்கலையே, ஐயா."

"நேரமில்லைன்னு விட்டுட்டேன்."

பெல்லுக்கு எழுத்து தெரியாது. தாளை வாங்கி, நடுவரான என்னிடம் நீட்டினார். "நீங்க படிச்சவரு. பொய் சொல்லமாட்டீங்க. அப்படித்தான் எழுதியிருக்கா?"

பார்த்தேன். விதிக்குக் கீழே வெற்றுத்தாள். பிளம்லி பந்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் என் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அப்படித்தான் இருக்கு," என்றேன்.

பெல் எனக்குத் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்துவிட்டுத் தன் ஆட்களை அழைத்துக்கொண்டு போனார். என்மேல் சந்தேகப்பட்டுத் திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சாயங்காலம் பீப்பாயைத் திறந்தபோது பிளம்லி என் அருகில் வந்து உட்கார்ந்து, மெல்ல, பேனாவும் மையும் கேட்டார். கொடுத்தேன்.

இந்த இனத்தைக் கேலி செய்யத்தான் வந்தேன். ஆனால் வாசகரே, நான் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் மனம் என்னிடம் என்ன பதிலை எதிர்பார்த்தது? 'இல்லை' என்றா? உண்மையாகவா? அது உங்கள் ஊராக இருந்திருந்தாலுமா?