சோற்றுக்கு உத்தரவாதம்

உலகத்துக்குப் பூஜ்யத்தைக் கொடுத்தது பாரத நாடு என்று எல்லோரும் மார்தட்டிக்கொள்கிறோம். பள்ளிக்கூடத்துச் சோற்றுக்குத் 'தர உத்தரவாதம்' கொடுத்தது அரிமளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர். இதைப் பற்றி மட்டும் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. தர உத்தரவாதக் கமிட்டியின் காரியதரிசி என்ற முறையில் அந்தக் குறையை நானே போக்கிவிடுகிறேன்.

இது நடந்தது போன வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில். எங்கள் ஆரம்பப் பள்ளிக்கு மதிய உணவு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. இருளாயி சோறும் சாம்பாரும் ஆக்குவாள். மணி அடித்ததும் அள்ளிப் போடுவாள். பிள்ளைகளும் கொஞ்சமும் யோசிக்காமல் சாப்பிட்டுவிடுவார்கள். ஒரு 'முறை' உண்டா, 'ஒழுங்கு' உண்டா?

மூன்றாம் வகுப்பில் சின்னப்பிள்ளை என்று ஒரு பெண். சோறு போடுகிறார்கள் என்பதற்காகவே, ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவளை அவள் ஆத்தா பள்ளிக்கு அனுப்பியிருந்தாள். சோறு நின்றால் மறுநாளே ஆட்டுக்குப் பின்னால் போக வேண்டியதுதான். அந்தப் பெண்ணின் தட்டில் ஒரு நாள் கல் கிடந்தது. அவள் அதை எடுத்துக் காக்கை மேல் எறிந்துவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டாள். தரத்தைப் பற்றி எவ்வளவு அலட்சியம் பாருங்கள்!

விஷயம் பள்ளி நிர்வாகத் தலைவர் கண்ணுசாமியின் காதுக்கு எட்டியது. மனிதர் துடித்துப் போனார்.

"நாளைக்கே கல்லு பெரிசாக் கெடந்தா?" என்று தலைமை ஆசிரியர் ஞானமணியைக் கேட்டார்.

"பெரிசாக் கெடந்தா கண்ணுக்குத் தெரிஞ்சுருமுங்களே."

"அப்பச் சின்னதாக் கெடந்தா?"

அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் எங்கள் கமிட்டி. தலைவர், தலைமை ஆசிரியர், நான். நாங்கள் மூவரும் சாப்பிட்டுப் பார்த்து 'சரி' என்று சொன்ன பிறகே பிள்ளைகளுக்குப் பரிமாற வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

முதல் நாள் ஆளுக்கு ஒரு கரண்டி. தலைவருக்குத் திருப்தியில்லை.

"அண்டாவுல மேலாப்புல இருக்கறது நல்லாத்தான் இருக்கு. அடியில இருக்கறதுக்கு யாரு ஜவாப்பு?"

அடியிலும் பார்த்தோம். அப்புறம் நடு கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று நடுவிலும் பார்த்தோம். மறுநாள் தலைமை ஆசிரியரின் மனச்சாட்சி விழித்துக்கொண்டது.

"பிள்ளைங்க வயிறு நெறையச் சாப்பிடுதுங்க. நாம ஒரு வாய் பாத்துட்டு நல்லாயிருக்குன்னு சொன்னா அது நேர்மைங்களா? வயிறு நெறஞ்ச பெறகு எப்படியிருக்குன்னுல்ல பாக்கணும்?"

அப்படியே பார்த்தோம். பிறகு எனக்கும் ஒரு நியாயமான சந்தேகம் வந்தது. நாங்களோ ஆண்கள். பெண் பிள்ளைகளின் நாக்குக்கு இது எப்படி இருக்குமோ? ஆகவே மூவர் வீட்டுக்கும் தூக்குவாளியில் சோறு போயிற்று. வீட்டுப் பெண்கள் 'மறுபரிசீலனை' செய்தார்கள். என் மாமியார் இதில் மிகவும் கண்டிப்பானவர். இரண்டாம் தடவையும் பார்த்துவிட்டுத்தான் அபிப்பிராயம் சொல்லுவார்.

பிள்ளைகளுக்கு முதலில் அரை வயிறு கிடைத்தது. அப்புறம் ஆளுக்கு ஒரு கைச் சோறு. ஆனால் உத்தரவாதமான ஒரு கை! சில பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றார்கள். பிள்ளைகள் குறையக் குறையப் புகாரும் குறைந்தது. எந்தத் திட்டத்திலும் இப்படிப்பட்ட முன்னேற்றத்தை நான் கண்டதில்லை.

இருளாயிக்கு மட்டும் இதெல்லாம் விளங்கவில்லை. ஒரு நாள் அகப்பையோடு எங்கள் எதிரில் வந்து நின்றாள்.

"ஐயா, அந்தச் சின்னப்பிள்ளை பசியோட வீட்டுக்குப் போயி, வயிறு நெறஞ்சுருச்சு ஆத்தான்னு பொய் சொல்லுதுங்க. இல்லாட்டி பள்ளிக்கூடத்தை நிப்பாட்டிருவாளாம். நீங்க கொஞ்சம் கொறைச்சுப் பாத்தா என்னங்க?"

"தரத்துல கொறைக்கச் சொல்றியா?" என்றார் தலைவர். இருளாயி அகப்பையோடு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

எங்கள் கீர்த்தி திருச்சி வரைக்கும் எட்டியது. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மரியசெல்வம் நேரில் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. பிள்ளைகள் திருப்தியாகச் சாப்பிட்டதற்கு அவரிடம் என்ன அத்தாட்சி காட்டுவது? தலைவர்தான் வழி கண்டுபிடித்தார்.

"விருந்துல திருப்தியாச் சாப்பிட்டவன் எலையை எப்படி மடிப்பான்? உள்பக்கமா! வெளிப்பக்கமா மடிக்கிறது துக்க வீட்டுலதான். பிள்ளைங்க அம்புட்டும் உள்பக்கமா மடிச்சுட்டா அதைவிட அத்தாட்சி வேணுமா?"

அலுமினியத் தட்டை மடிக்க முடியாது. எனவே தலைவரின் தோப்பிலிருந்து வாழையிலைகள் வந்து இறங்கின. கணக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு, இலை மடிக்கப் பயிற்சி கொடுத்தோம். வெளிப்பக்கம் மடித்த பயல்களுக்குப் பிரம்படி கிடைத்தது.

அன்றைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறாரே என்று பரிசோதனையைச் சற்றுக் கடுமையாகவே நடத்தினோம். மணி அடிக்கும்போது அண்டாவைக் கழுவ வேண்டிய அவசியம்கூட இல்லை. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உள்பக்கமாக மடித்தார்கள். அப்படியொரு அழகு!

இன்ஸ்பெக்டர் அசந்து போனார். "சபாஷ்! ஒரு பருக்கைகூடத் தரையில சிந்தலையே!"

"அதாங்க தரம்" என்றார் தலைவர்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்து நாய் வந்தது. எச்சில் சோற்றை நம்பிப் பிழைக்கும் நாய். முதல் இலையை மூக்கால் திறந்து மோந்தது. அடுத்த இலைக்குப் போனது. வரிசைக் கடைசி வரைக்கும் போயும் ஒன்றைக்கூட நக்கவில்லை. அப்படியே திரும்பி வந்து, வாலை ஆட்டியபடி, தலைவரின் வலது கையை நக்கத் தொடங்கியது.

இன்ஸ்பெக்டர் தலைவரின் கையைப் பார்த்தார். பிறகு சின்னப்பிள்ளையிடம் போய்க் குனிந்தார்.

"என்னம்மா சாப்பிட்ட?"

அவள் எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள். "உள்பக்கமா மடிச்சாச்சு சார்."

"அது சரிம்மா. என்ன சாப்பிட்ட?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "வெளிப்பக்கமா மடிக்கலை சார். நெசமா மடிக்கலை."

இன்ஸ்பெக்டர் அவள் இலையைத் திறந்தார். தெளித்த தண்ணீர் அப்படியே இருந்தது. அவர் உடனே இருளாயியைக் கூப்பிட்டு மறுபடி உலை வைக்கச் சொன்னார். கடைசிப் பிள்ளை கை கழுவும் வரைக்கும் நாற்காலியை அண்டா பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்திருந்தார். போகும்போது ஓர் உத்தரவும் போட்டார். இனிமேல் பிள்ளைகள்தான் முதலில் சாப்பிட வேண்டும். அத்தனை பேருக்கும் வயிறு நிறைந்து மிஞ்சியதைத்தான் கமிட்டி பரிசோதிக்கலாம்.

அன்றோடு எங்கள் ஊரில் தரம் ஒழிந்தது. இருளாயி பழையபடி மணி அடித்ததும் அள்ளிப் போடுகிறாள். நின்ற பிள்ளைகளெல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள். சின்னப்பிள்ளைக்குக் கன்னம் உப்பிவிட்டது. அவள் ஆத்தா இப்போது ஆடுகளைத் தானே மேய்க்கிறாளாம். நாங்கள் மூவரும் கடமை தவறாமல் தினமும் அண்டா பக்கத்தில் இலையோடு உட்கார்ந்திருக்கிறோம். மிஞ்சுவதே இல்லை.

அந்தச் சோறு நல்ல சோறுதானா என்று உத்தரவாதம் சொல்ல இன்றைக்கு இந்த ஊரில் ஒரு பெரிய மனிதர் கிடையாது. தரம் எவ்வளவு கேவலமாகிவிட்டது என்பதற்கு அத்தாட்சி வேண்டுமானால் நேரில் வந்து எங்கள் மூவரையும் பாருங்கள். எப்படி இளைத்துப் போயிருக்கிறோம்!